தீவில் மின்சாரத்துக்காக மரம் நடலாமா? கிளிரிசீடியா, கரும்பு, கப்பலில் வரும் விறகு

தென்னந்தோட்டம் (புத்தளம்)

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு ஆறு ஏக்கர் தென்னை இருக்கிறது. அதை ஒட்டி உறவினர் ஒருவருக்குச் சொந்தமான பத்து ஏக்கர் பற்றைக்காடும் உண்டு. தோட்டத்து எல்லை முழுவதும் என் தகப்பனார் வேலிக்காகக் கிளிரிசீடியா ஊன்றியிருந்தார். யாழ்ப்பாணத்தில் சீமைக்கிளுவை என்பார்களே, அதே மரம்தான். குழை ஆட்டுக்கும் தென்னை அடிக்கும் போகும், தடி அடுப்புக்குப் போகும்.

இப்போது விறகு மின்நிலையம் ஒன்றுக்குக் கொள்வனவு செய்யும் முகவர் வந்திருக்கிறார். பற்றைக்காட்டைத் துப்புரவாக்கி முழுவதும் கிளிரிசீடியா நடுங்கள், வெட்டுவதையெல்லாம் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார். உறவினருக்கு ஆசை வந்துவிட்டது. என்னிடம் யோசனை கேட்கிறார்.

வேலியில் வெட்டியதை விற்றுப் பார்த்துவிட்டோம். பெருவிரலை விடத் தடித்த தடிகளைத்தான் எடுக்கிறார்கள். இலையை உருவி, சிறு கொப்புகளைக் கழித்து, ஒரே நீளமாகத் தறித்து வீதியோரம் அடுக்கி வைக்க வேண்டும். லொறி வந்ததும் தொங்கு தராசில் கட்டுக் கட்டாக நிறுக்கிறார்கள். வெட்டுவாயை விரலால் அழுத்திப் பார்த்து, ஈரம் கசிந்தால் நிறையில் கழிவு போடுகிறார்கள். காயவைத்துக் கொடுத்தால் கழிவு இல்லை, ஆனால் நிறையே ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

காசுக் கணக்கை நாங்களே போட்டுக்கொள்வோம். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. வீட்டு மாடியில் நின்றால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். அங்கே எரிகிற நிலக்கரிக்குப் பதிலாக நம் மண்ணில் வளரும் மரத்தை எரிக்கலாம் என்றால் அதைவிட நல்லது எதுவும் இல்லை என்றுதான் மனம் சொல்கிறது. அது நடக்கக்கூடிய காரியமா? பத்து, இருபது ஆண்டு தாங்குமா?

கொதிகலன் (திருகோணமலை)

தம்பி, நான் நீராவிக் கொதிகலன்களோடு வேலை செய்து ஓய்வு பெற்றவன். நிலத்திலிருந்தே கணக்கைத் தொடங்குகிறேன்.

நன்றாகக் காய்ந்த கிளிரிசீடியா விறகு ஏறக்குறைய 1.2 கிலோ எரித்தால் சிறிய நீராவி நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும். 10 மெகாவாட் நிலையம் ஆண்டில் 80 சதவீத நேரம் ஓடினால் 7 கோடி யூனிட். அதற்குக் காய்ந்த விறகு 84,000 தொன் வேண்டும். நாளுக்கு 230 தொன். ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 15 தொன் காய்ந்த விறகு என்று தாராளமாகவே வைத்தாலும் 5,600 ஹெக்டேயர் நிலம் தேவை. கிட்டத்தட்ட 14,000 ஏக்கர். புத்தளம் போன்ற உலர்வலயத்தில், நீர் பாய்ச்சாமல், அந்த 15 தொன் விளையும் என்று நான் எழுதித் தர மாட்டேன்.

இதே கணக்கை நுரைச்சோலைக்குப் போடுங்கள். 900 மெகாவாட் நிலையம். ஆண்டுக்கு 550 கோடி யூனிட் தருகிறது என்று வைத்துக்கொண்டால் 66 லட்சம் தொன் விறகு. நிலம் 4 லட்சத்து 40 ஆயிரம் ஹெக்டேயர். இந்த நாட்டில் தென்னை நிற்கும் நிலம் முழுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆகவே நுரைச்சோலைக்குப் பதிலாக மரம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 10 மெகாவாட் அளவு நிலையங்கள் நடக்கக்கூடியவை, நடந்தும் இருக்கின்றன. எங்கள் ஊர்ச் சீமெந்து ஆலையின் 10 மெகாவாட் நிலையம் கிளிரிசீடியாவையும் உமியையும் எரித்தே ஓடியது. உமியையும் சேர்த்துச் சொல்கிறேன், கவனியுங்கள். தடி மட்டும் போதியிருந்தால் உமியைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

வெயில்நிலம் (வவுனியா)

ஐயா போட்ட கணக்கை ஏக்கருக்கு மாற்றுகிறேன். ஒரு ஏக்கர் கிளிரிசீடியா ஆண்டுக்கு 6 தொன் தந்தால் 5,000 யூனிட். அதே ஏக்கரில் சூரியத் தகடுகளை வைத்தால், ஒரு மெகாவாட்டுக்கு மூன்றரை ஏக்கர், மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 14 லட்சம் யூனிட் என்று எடுத்தாலே, 4 லட்சம் யூனிட். எண்பது மடங்கு! இலை வெயிலில் ஒரு சதவீதத்தைக்கூட விறகாக மாற்றுவதில்லை. அந்த விறகின் வெப்பத்திலும் ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது.

கண்டத்தில் இருக்கும் நாடு நிலத்தை வீணடிக்கலாம். 65,610 சதுர கிலோமீட்டருக்குள் நெல்லும் தேயிலையும் தென்னையும் காடும் யானையும் நாமும் இருக்கிறோம். இங்கே மின்சாரத்துக்கென்றே மரம் நடுவதை எப்படி ஏற்றுக்கொள்வது? அறுப்பதற்கும் ஏற்றுவதற்கும் எரியும் டீசல் வேறு. ஹவாயில் என்ன நடந்தது என்று பாருங்கள். பெரிய தீவின் பெபீகியோவில், பழைய கரும்பாலை மின்நிலையம் ஒன்றைப் புதுப்பித்து யூகலிப்டஸ் எரிக்கத் திட்டம் போட்டார்கள். ஹு ஹொனுவா என்று பெயர். கட்டுமானம் ஏறக்குறைய முடிந்த நிலையில், மின்சாரம் விலை கூடுதல், காபன் (கரியம்) வெளியேற்றமும் அதிகம் என்று 2022 மே மாதம் அந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம் நிராகரித்தது. 2023 மார்ச்சில் ஹவாய் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

கொதிகலன் (திருகோணமலை)

வெயில்நிலம், நிலக் கணக்கில் உங்களோடு எனக்கு வழக்கு இல்லை. டீசலை மட்டும் திருத்த வேண்டும். 10 தொன் ஈர விறகு ஏற்றிய லொறி 50 கிலோமீட்டர் போய் வந்தால் 30 லீற்றர் டீசல் என்று வையுங்கள். அதன் வெப்ப ஆற்றல் 300 யூனிட். ஏற்றிய விறகில் காய்ந்த பாகம் 5 தொன், அதன் வெப்பம் 25,000 யூனிட். ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. டீசல் தின்பது ஆற்றலை அல்ல, விவசாயியின் கைக்காசை. தூரம் கூடக் கூட அவருக்குக் கிடைக்கும் விலை இறங்கும். இந்த நிலையங்கள் ஐம்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் தடி தேடுவது அதனால்தான்.

ஹவாய்த் திட்டத்துக்கும் தம்பியின் வேலிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. யூகலிப்டஸ் பல ஆண்டு வளர்ந்து ஒரே வெட்டில் விழுகிறது. எரித்த கரியம் மறுபடி மரமாக அத்தனை ஆண்டு வேண்டும். கிளிரிசீடியா வெட்டிய அடியிலிருந்தே தழைக்கும். ஆண்டுக்கு இரண்டு வெட்டு எடுக்கலாம். வளிமண்டலத்துக்குப் போனது ஓராண்டுக்குள் தடிக்குத் திரும்பிவிடுகிறது. பற்றைக்காட்டை அழித்து நட்டால் இந்த வாதம் நிற்காது, அங்கே ஏற்கனவே நின்ற கரியத்தை முதலில் கழிக்க வேண்டும்.

இன்னொன்று. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் போனதே, அதை மறக்க வேண்டாம். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாறு என்று செய்தி வந்தது. ஆனால் ஒரு கோளாறு தீவு முழுவதையும் விழுத்தியதற்குக் காரணம், அந்த நேரத்தில் தேவை குறைவாகவும் கூரைச் சூரிய மின்சாரம் நிறைய ஓடியதாகவும் இருந்ததுதான் என்று மின்சார சபையே சொன்னது. சுழன்றுகொண்டிருக்கும் கனமான இயந்திரங்கள் ஒரு அதிர்ச்சியைச் சில நொடிகள் தாங்கும். சூரியத் தகட்டில் சுழல்வது ஒன்றும் இல்லை. நமக்கோ பக்கத்து நாட்டிலிருந்து தாங்கிப் பிடிக்க ஒரு கம்பியும் இல்லை. மாலை ஆறரை மணிக்கு மேல் உச்சத் தேவை வரும்போது சூரியனும் இல்லை. மின்கலம் வந்துகொண்டிருக்கிறது, விலையும் இறங்குகிறது, மறுக்கவில்லை. இருந்தும் விறகு நிலையத்தில் இருப்பது போன்ற சுழலும் இயந்திரம் கொஞ்சமாவது வேண்டும்.

மண்புழு (மட்டக்களப்பு)

எல்லோரும் தடியையே பேசுகிறீர்கள். இந்த மரத்தின் பெறுமதியில் பெரிய பங்கு இலையில் இருக்கிறது. காய்ந்த இலையில் 3 முதல் 4 சதவீதம் நைதரசன். ஒரு தென்னைக்கு ஆண்டில் 50 கிலோ பச்சைக் குழை போட்டால் 400 கிராம் அளவு நைதரசன் மண்ணுக்குப் போகிறது. யூரியாவாகச் சொன்னால் 800 கிராமுக்கு மேல். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் தடையைத் தளர்த்தும்வரை விவசாயிகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். அந்த மாதங்களில் வேலியில் கிளிரிசீடியா வைத்திருந்தவர் குழை வெட்டிப் போட்டார். இல்லாதவர் வானத்தைப் பார்த்தார்.

ஆகவே தென்னந்தோட்டம் அண்ணனுக்கு நான் சொல்வது: தடி போகட்டும், குழையில் ஒரு கட்டுக்கூடத் தோட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. இப்போது சில முகவர்கள் குழையோடு சேர்த்து ஏற்றிக்கொள்கிறார்கள். வேலை மிச்சம் என்று விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மண்ணை விற்பதற்குச் சமம்.

தடியும் வெறுங்கையோடு போவதில்லை. பொட்டாசியம், கல்சியம், கொஞ்சம் பொசுபரசு எல்லாம் அதோடு போகின்றன. நைதரசனை இந்த மரம் காற்றிலிருந்து பிடித்துவிடும், மற்றவற்றைப் பிடிக்க முடியாது. எரிந்த பிறகு அவை சாம்பலில் இருக்கும். தென்னை பொட்டாசியத்துக்குப் பசி எடுத்த பயிர். தடி ஏற்ற வருகிற அதே லொறி சாம்பலையும் கொண்டுவந்து இறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பல ஆண்டுகளில் தோட்டத்தைச் சுரண்டிக்கொண்டு போவார்கள் என்று பொருள்.

மலைச்சாரல் (பதுளை)

2005இல் அமைச்சரவை கிளிரிசீடியாவைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. அப்போது மின்சாரம் பற்றித்தான் பேச்சு. எங்கள் பக்கத்தில் இந்தத் தடிக்கு அதைவிட நல்ல வேலை இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலை கொழுந்தை வாடவைக்கவும் உலர்த்தவும் சூடான காற்று வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு எரிகிறது. அந்த உலைகளில் விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் பயனாகிறது. மின்சாரமாக்கினால் ஐந்தில் ஒரு பங்குதான் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். நாட்டில் விளைகிற தடி குறைவு என்றால் அது முதலில் உலைக்குப் போகட்டும். விசையாழிக்கு மிஞ்சியது போகட்டும். இறப்பர் மர விறகுத் தட்டுப்பாட்டில் தொழிற்சாலைகள் காட்டு மரத்துக்குக் கை நீட்டாமல் இருக்கவும் அது உதவும்.

அரவைப்பருவம் (மொரீசியஸ்)

நான் தமிழ்நாட்டுக்காரன். இங்கே ஒரு சர்க்கரை ஆலையின் மின்பிரிவில் பணிபுரிகிறேன். பயிரிலிருந்து மின்சாரம் எடுப்பதில் மற்ற வெப்பமண்டலத் தீவுகளுக்கு முன்மாதிரியாக மொரீசியஸைத்தான் எப்போதும் காட்டுவார்கள். அதனால் இங்கே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

100 டன் கரும்பு அரைத்தால் 30 டன் சக்கை மிஞ்சும், பாதி ஈரத்தோடு. இது யாரும் தனியாக நட்டு வளர்த்ததல்ல. சாறு பிழிந்த பிறகு ஆலை வாசலில் வந்து நிற்பது. லாரி வாடகை இல்லை, தனி நிலம் இல்லை. பழைய காலத்தில் ஆலைகள் சக்கையை எப்படியாவது எரித்துத் தீர்த்தால் போதும் என்று தாழ்ந்த அழுத்தக் கொதிகலன்களில் எரித்தன. வெளியே கொடுக்க ஒரு டன் கரும்புக்கு 20, 30 யூனிட்தான் மிஞ்சும். 1985இல் ஃபிளாக் பகுதியில் ஓர் ஆலை ஆண்டு முழுவதும் மின்சாரம் தரும் நிலையம் கட்டியது. 1991இல் அரசு இதற்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிறகு 82 பார் என்ற உயர் அழுத்தக் கொதிகலன்கள் வந்தன. இப்போது அதே ஒரு டன் கரும்பிலிருந்து நூறு யூனிட்டுக்கு மேல் வெளியே கொடுக்க முடிகிறது. பொறியியலாகப் பார்த்தால் பெருமைப்பட வேண்டிய காரியம்.

ஆனால் அரவைப் பருவம் ஜூன், ஜூலையில் தொடங்கி டிசம்பரோடு முடிந்துவிடும். ஆறு மாத வேலைக்கு இவ்வளவு பெரிய கொதிகலன் கட்டினால் கடன் அடையாது. மீதி ஆறு மாதம் அதே கொதிகலனில் நிலக்கரி எரிகிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கரி. சக்கை மின்சாரம் என்று உலகம் பாராட்டிய நிலையங்கள்தான் இந்தத் தீவை நிலக்கரிக்கும் பழக்கப்படுத்தின. மின்உற்பத்தியில் நிலக்கரியின் பங்கு சக்கையின் பங்கைவிடப் பல ஆண்டுகளாக அதிகம்.

அடுத்தது கரும்பே சுருங்கியது. 1975 முதல் ஐரோப்பா உறுதியான விலைக்குச் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தது. 2006 முதல் அந்த விலையை நான்கு ஆண்டுகளில் 36 சதவீதம் குறைத்தது. சிறு விவசாயிகள் கரும்பைக் கைவிட்டார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் 70,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த கரும்பு இப்போது 40,000 அளவில் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் 250க்கு மேற்பட்ட ஆலைகள் இருந்த தீவில் இன்று மூன்று. கைவிடப்பட்ட வயல்களைக் கடந்து தினமும் வேலைக்குப் போகிறேன். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம் மக்களும் சேர்ந்து கல் பொறுக்கித் திருத்திய நிலம் அது. பொறுக்கிய எரிமலைக் கற்கள் இன்றும் வயல் நடுவே குவியல் குவியலாக நிற்கின்றன. பார்க்கும்போது மனம் கனக்கிறது.

கரும்பு சுருங்கினால் சக்கையும் சுருங்கும். கொதிகலன் மட்டும் சுருங்குவதில்லை. 2030க்குள் நிலக்கரியைக் கைவிடுவோம் என்று 2021இல் அரசு அறிவித்தது. அந்தக் கொதிகலன்களுக்கு இனி எதைப் போடுவது என்பதுதான் இங்கே எல்லோருடைய கேள்வியும்.

தாமரை (கொழும்பு)

அரவைப்பருவம் அண்ணா, பக்கத்துத் தீவான ரீயூனியன் நிலக்கரியை விட்டுவிட்டது என்று படித்தேன். அவர்களால் எப்படி முடிந்தது?

அரவைப்பருவம் (மொரீசியஸ்)

முடிந்தது, தங்கை. புவா ரூஜ், லெ கோல் என்று அங்கே இரண்டு பெரிய நிலையங்கள், 1990களில் சக்கைக்கும் கரிக்கும் சேர்த்துக் கட்டப்பட்டவை. 2023, 2024இல் இரண்டிலும் நிலக்கரி நின்றுவிட்டது. அரவைப் பருவத்தில் சக்கை எரிகிறது, மீதிக் காலத்தில் அழுத்திச் செய்த மரக் குளிகைகள் எரிகின்றன. குளிகைகள் வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகின்றன. துறைமுகத்தை ஒட்டிய டீசல் நிலையமும் 2023இல் தாவர எண்ணெய்க்கு மாறியது. அந்த எண்ணெய் ஐரோப்பிய வயல்களில் விளைந்த கடுகினப் பயிரிலிருந்து வருகிறது.

புள்ளிவிவரத்தில் ரீயூனியன் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் புதுப்பிக்கத்தக்கதாகிவிட்டது. தீவு என்ற முறையில் அதன் நிலை மாறவில்லை. கப்பல் வராவிட்டால் விளக்கு எரியாது. விலையும் அங்கே யாரோ தீர்மானிப்பது. பிரான்சின் ஒரு பகுதி என்பதால் கூடுதல் செலவைப் பிரான்ஸ் முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. மொரீசியஸுக்கோ இலங்கைக்கோ அப்படித் தோள் கொடுக்க யாரும் இல்லை. 2022இல் டொலர் இல்லாமல் எரிபொருள் கப்பல்கள் காத்து நின்றதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிருந்து பார்த்து நான் கற்றது ஒன்றுதான். நிலையத்தின் அளவை, பக்கத்தில் வேறு காரணத்துக்காக விளைவதன் மிச்சம் தீர்மானிக்க வேண்டும். நிலையம் அதைவிடப் பெரிதாக இருந்தால், மிச்சத்துக்கு மேல் அது கேட்பது எப்போதும் கப்பலில்தான் வரும், அல்லது காட்டிலிருந்து வரும்.

மாட்டுப்பட்டி (மொனராகலை)

பத்து ஏக்கர் பற்றைக்காடு என்று அண்ணன் எழுதியதில் என் மனம் சிக்கி நிற்கிறது. எங்கள் மாவட்டத்திலும் திட்ட அறிக்கைகளில் 'பயன்படாத நிலம்' என்று வரும். அந்த நிலத்தில் நான் வளர்ந்தேன். மழை முடிந்ததும் மாடுகள் அங்கேதான் மேயும். பாலைப்பழமும் விளாம்பழமும் தேனும் அங்கிருந்துதான் வரும். சேனைப் பயிர் (காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிர்) முடிந்து ஓய்வில் கிடக்கும் நிலமும் வெளியாளுக்குத் தரிசாகத்தான் தெரியும். யானைக்கும் அது நடைபாதை. புத்தளத்திலும் யானை உண்டு, உங்களுக்குத் தெரியும். பற்றையை அழித்து வரிசை வரிசையாக மரம் நட்டு மின்வேலி போட்டால் யானை எங்கே போகும்? அடுத்தவர் வயலுக்குப் போகும். அந்த வயலில் ஆள் செத்தால் அது மின்சாரக் கணக்கில் ஏறாது.

யாருக்கும் உதவாத நிலம் இந்தத் தீவில் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டுங்கள். நானே வந்து நட்டுத் தருகிறேன்.

வெயில்நிலம் (வவுனியா)

மாட்டுப்பட்டி அக்கா சொன்னது சூரியப் பண்ணைகளுக்கும் பொருந்தும். எண்பதில் ஒரு பங்கு நிலம் போதும் என்பது மட்டுமே எங்கள் பக்கத்து நியாயம். அதையும் கூரைகளிலும் குளங்களிலும் வைத்தால் நிலமே வேண்டாம்.

தென்னந்தோட்டம் (புத்தளம்)

எல்லோருக்கும் நன்றி. உறவினரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தோம். பற்றைக்காட்டில் கை வைப்பதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். அவருடைய மனைவி அங்கேதான் ஆடு மேய்க்கிறார், இந்த முடிவில் அவர் குரல்தான் ஓங்கி இருந்தது. தென்னை வரிசைகளுக்கு நடுவே மட்டும் இரட்டை வரிசையாக நடப்போகிறோம். குழை தென்னைக்கும் ஆட்டுக்கும், தடி விற்பனைக்கு. சாம்பல் நிபந்தனையை முகவரிடம் சொன்னபோது அப்படி யாரும் கேட்டதில்லை என்றார். கேட்டுப் பார்த்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். நடுவதற்கு எப்போது தடி வெட்டுவது நல்லது?

மண்புழு (மட்டக்களப்பு)

வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போது, ஒக்டோபர் கடைசியில். முற்றிய தடியாக, ஒரு மீற்றருக்குக் குறையாமல் எடுங்கள். வெட்டிய அன்றே ஊன்ற வேண்டாம், சில நாள் நிழலில் வைத்தால் வேர் நன்றாகப் பிடிக்கும். தென்னை அடியிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி நடுங்கள்.

தாமரை (கொழும்பு)

கொதிகலன் ஐயாவிடம் ஒரு கேள்வி. விறகைச் சேமித்து வைக்கலாம் அல்லவா? பகலில் சூரியன் இருக்கும்போது விறகு நிலையத்தை நிறுத்திவிட்டு, மாலை உச்ச நேரத்தில் மட்டும் ஓட்டினால் குறைந்த நிலத்திலிருந்தே கூடிய பயன் கிடைக்காதா?

கொதிகலன் (திருகோணமலை)

மகள், மாலைக்கு மாலை ஓட்டுவது கடினம். குளிர்ந்த கொதிகலனை அழுத்தத்துக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். தினமும் சூடாகிக் குளிர்ந்தால் குழாய்களில் வெடிப்பு விழும். அந்த வேலைக்கு மின்கலமும் நீர்த்தேக்கங்களும்தான் பொருத்தம்.

சேமிப்பது பற்றிச் சொன்னீர்கள், அதைப் பருவத்துக்குப் பருவம் என்று எடுத்துக்கொண்டால் அருமையான எண்ணம். ஜனவரி முடிந்து ஏப்ரல் வரை மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் இறங்கும். ஒவ்வொரு ஆண்டும் டீசல் நிலையங்களை ஓட்டுவது அந்த மாதங்களில்தான் கூடுகிறது. அதே மாதங்களில் கூரையின் கீழ் அடுக்கிய விறகு நன்றாகக் காய்ந்திருக்கும். மழைக்காலத்தில் வெட்டிச் சேர்த்து, வறட்சியில் எரிக்கலாம். மூன்று மாதத்துக்கென்று புதிதாக நிலையம் கட்டினால் அரவைப்பருவம் தம்பி சொன்ன கடன் சிக்கல் வரும். ஆகவே புதிதாகக் கட்டக்கூடாது. பெல்வத்தையிலும் செவனகலையிலும் ஹிங்குரானையிலும் சீனி ஆலைகள் இருக்கின்றன. அரவை இல்லாத காலத்தில் சக்கை எரிக்கும் அவற்றின் கொதிகலன்கள் ஆறிக் கிடக்கும். விறகுச் சில்லைப் போட்டு எரிக்க ஊட்டும் பகுதியிலும் உலைத் தட்டிலும் மாற்றம் செய்ய வேண்டியிருக்கும், விசையாழியின் அளவையும் பார்க்க வேண்டும். அந்த ஆலைகளில் வேலை செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கொதிகலனின் அழுத்தம் எத்தனை, அரவை எந்த மாதம் முடிகிறது என்று இங்கே எழுதுங்கள். மீதிக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.